முதல் ஈடு குழந்தைக்கு

அன்புள்ள விசாலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மாடி கட்டி முடிந்ததும், தீபாவளிக்கு எல்லாரும் அங்கே கூடப்போவதும் படித்து அவ்வளவு சந்தோஷம். பேத்திக்கு முந்திரியும் பாலும் ஆகாதென்று எழுதி, அவளுக்கு மட்டும் ஒரு டப்பாவில் ஏதாவது தனியாக வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்கலாம். ஆனால் மற்ற பிள்ளைகள் தட்டில் கைவிடும்போது நாலு வயதுக் குழந்தை தன் டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராது. அவளுக்கு ஆகிற பட்சணத்தை முதலில் செய். குளித்துப் புதுத்துணி உடுத்தியதும் அதையே எல்லாருக்கும் கொடு.

முதலில் செய்யச் சொல்வது எண்ணெய்க்காக. முந்திரி பக்கோடா பொரித்த எண்ணெயில் முறுக்குச் சுட்டால் முறுக்கிலும் முந்திரி சேர்ந்துவிடும். வடிகட்டினாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. ஆகவே புது எண்ணெய், கழுவிய வாணலி, முதல் ஈடு அவளுடையது. முறுக்கு அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார். நட்சத்திரத் துளைகளின் ஓரத்தில் போன தடவை வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய். மிக்சி ஜாரில் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் முந்திரிப் பொடி தங்கும். வளையத்தைக் கழற்றாமல் கழுவிப் பயனில்லை.

முறுக்குக்கு 4 கப் அரிசி மாவு, 1 கப் வறுத்தரைத்த உளுத்தம் மாவு, உப்பு, பெருங்காயம், சீரகம். வெண்ணெய்க்குப் பதில் 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி மாவில் ஊற்று. கூடிவிட்டால் முறுக்கு எண்ணெயில் உதிரும், குறைந்தால் கல்லாகிவிடும். இனிப்புக்குத் தேங்காய் பர்பியே போதும்: 2 கப் துருவல், 1½ கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர். தட்டில் தடவவும் தேங்காயெண்ணெய்தான். தேங்காய் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

நெய்யில் பால் எங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு உருக்கினாலும் பாலின் புரதம் கொஞ்சம் நெய்யில் மிஞ்சும். பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, பால் அலர்ஜி வேறு. இவளுக்கு இருப்பது அலர்ஜி, அந்தக் கொஞ்சமே ஆபத்தாகப் போதும். தீபாவளி லேகியத்திலும் நெய் உண்டு, அதை மறந்துவிடாதே. முந்திரி ஆகாத குழந்தைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம்.

கடை இனிப்பை அவளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒரே கரண்டி, ஒரே தட்டு, ஒரே கையுறையில் எல்லாவற்றையும் எடுப்பார்கள். பாக்கெட்டில் வருவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா போன்றவற்றை லேபிளில் தனியாகக் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. வருகிற பிள்ளைகளில் எள் ஆகாதவர் உண்டா என்று முன்கூட்டியே விசாரி. அப்படி யாராவது இருந்தால் செக்கு நல்லெண்ணெயும் கூடாது. அதில் எள்ளின் புரதம் கலந்திருக்கும்.

அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தட்டுகளை வாங்கியதும் உயரத்தில் வைத்துவிடு. கூடத்தில் தாழ்வான மேசைமேல் குழந்தைக்கு ஆவது மட்டும் இருக்கட்டும். பட்சணம் தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர முந்திரியின் புரதத்தை நீக்காது. தின்ற வாயோடு கன்னத்தில் முத்தம் கொடுப்பதும் கூடாது. "சாமிக்குப் படைச்சது, ஒரு வாய்தானே" என்று ஊட்டிவிடும் அத்தைமார்தான் எனக்குப் பெரிய கவலை. அவர்களிடமே அந்தத் தாழ்ந்த மேசையின் பொறுப்பை ஒப்படைத்துவிடு. பட்சணத் தட்டை எல்லாருக்கும் நீட்டும் வேலை பேத்திக்கு. அவள் கையால் தருவதை மறுக்க யாருக்கும் மனசு வராது.

இவ்வளவு செய்தும் ஏதாவது உள்ளே போய்விட்டால்? உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டு வீக்கம், இவற்றோடு இருமல், இழுப்பு, குரல் கம்முதல், ஓயாத வாந்தி, துவண்டு போதல் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுத்தாலோ துவண்டு போனாலோ தடிப்பே இல்லாவிட்டாலும் அப்படித்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் நடுவில் போட வேண்டும், பிறகு 108. படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சுத் திணறினால் உட்காரவை. எழுந்து நடக்க விடாதே. அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சைக் காப்பாற்றாது. தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதுண்டு. இழுப்பு உள்ள பிள்ளையானால் பட்டாசுப் புகை பக்கம் விடாதே.

ஊசி எந்த அலமாரியில் இருக்கிறது, யார் போடத் தெரிந்தவர் என்பதை வந்தவர்கள் எல்லாரிடமும் முதல் நாளே சொல்லிவிடு. அதன் காலாவதித் தேதியை இந்த வாரமே பார்த்துவிடச் சொல் மருமகளை. தீபாவளி அன்று மருந்துக்கடைகள் பாதி மூடியிருக்கும்.

அன்புடன்,
கமலா