பேய்க்கதைக்குக் கேள்வி பதில் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகள் எதையும் படிப்பதில்லை என்ற புலம்பல் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி வருகிறது. எழுதுபவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். கைப்பேசியை ஒரு பிடி பிடித்துவிட்டு, தாங்கள் பத்து வயதில் படித்துத் தள்ளிய தடித்த புத்தகங்களின் பட்டியலோடு முடிப்பார்கள். பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியையான எனக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பதின்மூன்று வயதுப் பையனிடம் எதை நீட்டுவது என்பதுதான் என் அன்றாடப் பிரச்சினை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேய்க்கதை, துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை ஆகியவற்றைத்தான் நான் நீட்டுகிறேன். நாவல் அல்ல, சிறுகதை மட்டும்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் இவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அதன் தடிமனை அளப்பார்கள். "படம் இருக்கா மிஸ்?" என்று ஒரு கேள்வி வரும். இல்லையென்றால் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும், அதுவும் தலைகீழாக. இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒன்றைத் தானாக எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்த அனுபவமே இவர்களில் பலருக்குக் கிடையாது. ஐந்தாம் பக்கத்தில் கைவிட்ட புத்தகங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றைக் கைவிடும்போதும் 'நமக்கு இதெல்லாம் வராது' என்ற நினைப்பு இன்னும் கொஞ்சம் ஊறிப்போகிறது. ஆகவே முடிக்க முடிகிற ஒன்றுதான் முதலில் தேவை. ஏழெட்டு நிமிடத்தில் முடிகிற கதையைக் கைப்பேசித் திரையில் கொடுத்துவிட்டால் அளந்து பார்க்கத் தடிமனும் இல்லை.

சிறுகதை சரி, பேயும் கொலையும் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நல்ல இலக்கியச் சிறுகதைகள் பல, ஒரு மனிதரின் மனத்தில் ஏதோ அசைந்ததோடு நின்றுவிடும். படித்துப் பழகியவருக்கு அது போதும். பழகாத பிள்ளை, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் திரையை மூடிவிடும். மர்மக்கதை அப்படி ஏமாற்றாது. பூட்டிய அறையில் நகை காணவில்லை என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டால், கடைசிக்குள் யார் எடுத்தது என்று சொல்லியே ஆக வேண்டும். அதற்காகவே பிள்ளை கடைசி வரை வருகிறது. போதாததற்கு, வாசிப்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி துப்பறியும் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதியில் அவளுடைய கட்டைவிரல் திரையை வேகமாக மேலே தள்ளிக்கொண்டு போனது. என்ன தேடுகிறாய் என்றேன். "அவன் வெளியிலேர்ந்து வரும்போது குடை இல்லை மிஸ், இப்போ நனைஞ்ச குடைன்னு சொல்றான்" என்றாள். தேர்வுத்தாளில் பத்தியைக் கொடுத்து வினாவுக்கு விடை கேட்டால், வினாவில் உள்ள சொல் எந்த வரியில் வருகிறதோ அதை அப்படியே எடுத்து எழுதுகிற பிள்ளை இவள். இங்கே யாரும் சொல்லாமலே முன்பத்திக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்கிறாள். வாசிப்புத் திறன் என்று பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்வது இதைத்தானே?

பேய்க்கதைக்கு வேறு உபாயம். முதல் பத்திகளை நானே சத்தமாக வாசிப்பேன். நள்ளிரவில் கதவு தட்டப்படும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, வருகைப்பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பிப்பேன். வகுப்பே கத்தும். மீதிக்கு இணைப்பு தருகிறேன், வீட்டில் படியுங்கள் என்பேன். மறுநாள் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் படித்த நாலு பேர் முடிவைச் சொல்லப் போக, மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டமே எனக்குப் போதும்.

இதெல்லாம் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1891இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் மாத இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கியபோது அவற்றை எழுதிய ஆர்தர் கானன் டாயில் போட்ட கணக்கு எளிமையானது. தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் வாசகர் தொலைந்துவிடுவார். எனவே துப்பறிபவர் ஒருவரே, ஆனால் கதை ஒவ்வோர் இதழிலும் முழுசாக முடிந்துவிடும். இப்படி 56 சிறுகதைகள் வந்தன. தயங்குகிற பிள்ளைக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. ஆளைத் தெரிந்துகொள்ளும் சிரமம் முதல் கதையோடு தீர்ந்துவிடும், அடுத்ததைப் பத்து நாள் கழித்து எடுத்தாலும் நஷ்டமில்லை. பிரான்ஸின் கிரனோபிள் நகரில் 2015இல் பொது இடங்களில் சிறுகதை இயந்திரங்களை வைத்தார்கள். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று பொத்தான்கள். அமுக்கினால் நீளமான துண்டுத்தாளில் ஒரு கதை இலவசமாக வரும். எத்தனை பக்கம் என்பதற்குப் பதிலாக எத்தனை நிமிடம் என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நானும் இப்போது நிமிடக் கணக்கில்தான் பேசுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வாசிக்கும் திறனுக்கு ஒரு வயது, ஆர்வத்துக்கு ஒரு வயது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு எட்டு வயதுக்குரிய வாசிப்பு வேகம் இருக்கலாம். அதற்காக அவனிடம் முயல் படம் போட்ட கதையைக் கொடுத்தால் அவமானப்பட்டுப் போவான். எடின்பரோவில் 1990களின் இறுதியில் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம், பெரிய பிள்ளைகளின் ஆர்வத்துக்கு ஏற்ற கதையை எளிய நடையில், சிறிய அளவில் தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டது. நம் மொழியில் இந்த இடம் கிட்டத்தட்ட காலியாகவே கிடக்கிறது. சிறார் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் தமிழிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அருமையானது. மீசை அரும்பும் வயதுக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது. தன்னார்வலர்கள் 1998 முதல் தட்டச்சு செய்து சேர்த்துவரும் இணைய நூலகமான மதுரைத் திட்டத்தில் பழைய சிறுகதைகள் இருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைக்கு 1971இல் தொடங்கிய, பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டம் இருக்கிறது. புதிய அறிவியல் புனைகதைக்கு 2000 முதல் வரும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், 2006 முதல் வரும் கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற இணைய இதழ்களைக் காசு கொடுக்காமலே படிக்கலாம். ஆனால் அவை பெரியவர்களுக்கான இதழ்கள். ஒவ்வொரு கதையையும் முதலில் நாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். இந்த வேலையைத் தேடுபொறியிடம் விட்டுவிட முடியாது.

இலவசம் என்று சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களை நான் தொடுவதில்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சோற்றில் கைவைக்கிற வேலை அது. நல்லவேளை, அவை வாசிக்கவும் வசதியில்லை. புத்தகத்தை ஒளிப்படம் எடுத்த பக்கம் கைப்பேசியில் எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும், மூன்றாவது வரியில் பிள்ளை யூடியூபுக்குப் போய்விடும். எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும் பக்கமாக இருந்தால்தான் காரியம் நடக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கடைப்பிடிப்பது, கதை முடிந்ததும் வாயை மூடிக்கொள்வது. 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று கேட்க நாக்கு துடிக்கும், கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கதைக்கு ஆளிருக்காது. தானாகப் பேச வருகிற பிள்ளையோடு பேசுவேன். வராதவனிடம், "இன்னொண்ணு வேணுமா?" என்பதோடு சரி. மர்மக்கதையோடே நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். நிற்கட்டுமே. பெரியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறோம், அதையாவது படிக்கிறோமே.

இனி உங்களிடம் கேட்க வந்த விஷயம். ஞாயிறு இதழில் சின்னதாக ஓர் இடம் ஒதுக்க முடியுமா? ஒரு கதையின் முதல் பத்தியை மட்டும் அச்சிடுங்கள். கீழே ஒரே வரியில் வகை, எத்தனை நிமிடம், எந்த வயதுக்கு என்ற குறிப்பு. பக்கத்தில் கியூஆர் குறியீடு. முழுக்கதை உங்கள் இணையதளத்தில் பெரிய எழுத்தில், நடுவே விளம்பரம் பாயாமல் இருக்கட்டும். பதிப்புரிமை தீர்ந்த கதை, யாரும் பகிரலாம் என்று திறந்த உரிமத்தில் வந்த கதை, அல்லது எழுதியவருக்குச் சன்மானம் கொடுத்து வாங்கிய கதை, இந்த மூன்றில் ஒன்றாக மட்டுமே இருக்கட்டும். பரிசுப் போட்டி வேண்டாம், சொற்பொருள் விளக்கம் வேண்டாம். சொந்தக் கைப்பேசி இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. சாயங்காலம் அம்மாவின் கைப்பேசி சிறிது நேரம்தான் கிடைக்கும். அதனால் ஒருமுறை இறக்கிவைத்தால் இணைப்பு இல்லாமலும் படிக்கிற மாதிரி சின்னக் கோப்பாகவும் தர வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கான கதைகளைப் படித்துப் பார்த்து, வயதுக் குறிப்போடு அனுப்பிவைக்க நான் தயார். பேய்கள் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை ஒருவர்