அலுமினியப் படகு வாங்கிய மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று இரவு அக்கா அழைத்து, "அவன் படகு வாங்கிப்போட்டான், நீ ஏதாவது சொல்லு" என்றாள். விற்கச் சொல்லுவேன் என்று நினைத்தாளோ தெரியாது. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 14 அடி, ரிவெட் (தகடுகளைப் பொருத்தும் ஆணி) அடித்த பழைய உடல், 15 குதிரைவலு எஞ்சின், ட்ரெய்லர். ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஒன்ராறியோவின் ரைஸ் லேக் ஏரிக்குப் போய்வர முதல் படகாக இது போதும். தயவுசெய்து இந்த வருடம் மீன் காட்டும் திரை, புதுக் கதிரை என்று எதையும் வாங்காதே.

இந்தப் படகின் நன்மை, தொல்லை இரண்டுமே அதன் எடைக் குறைவிலிருந்துதான் வருகின்றன. சின்னக் கார் இழுக்கும், ஒரு ஆள் தண்ணீரில் இறக்கலாம், பாசிக்குள்ளே நுழையலாம். ஆனால் காற்று அடித்தால் முதலில் ஆடுவதும் அதுதான். ரைஸ் லேக் ஏறக்குறைய 32 கிலோமீற்றர் நீளம், 5 கிலோமீற்றர் அகலம், ஆழம் குறைவு. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பதால் தென்மேற்குக் காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடி வரும். ஆழமில்லாத தண்ணீரில் அலை கிட்டக்கிட்டவும் செங்குத்தாகவும் எழும். ஆகவே காலையில் காற்றுக்கு எதிராகப் போ. திரும்பும்போது களைத்திருப்பாய், அப்போது காற்று உன் பக்கம் இருக்கட்டும். ஆனால் அலை பின்னாலிருந்து வரும்போது திடீரென்று வேகத்தைக் குறைக்காதே, பின்பலகைக்கு மேலால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். நங்கூரத்தையும் முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கம் கட்டிப் படகு கவிழ்ந்த கதைகள் நிறைய உண்டு.

தனியாகப் போகும்போது இன்னொரு சிக்கல். நீ, எஞ்சின், பெற்றோல் தாங்கி மூன்றும் பின்னாலே இருந்தால் மூக்கு மேலே தூக்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும். தாங்கியையும் பற்றரியையும் முன்னுக்கு நகர்த்து, குழாயும் வயரும் நீளமாக வேண்டுமென்றால் அதற்குச் செலவழி. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று இருக்கும். அது நல்ல வானிலைக்கான கணக்கு. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது நினைவில் வை.

ரிவெட் படகு கொஞ்சம் ஒழுகும். அதற்காக உடனே கலங்கி சிலிக்கன் பசைக் குழாயைத் தூக்காதே. வீட்டு வாசலில் ட்ரெய்லரில் இருக்கும்போதே உள்ளே சில அங்குலம் தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பார். (நிரம்ப விடாதே, தண்ணீரின் பாரம் ட்ரெய்லருக்கு ஆகாது.) சொட்டும் இடங்களை மார்க்கரால் வட்டமிடு. தளர்ந்த ரிவெட்டை, ஒருவர் வெளியே பாரமான இரும்பைப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து சுத்தியலால் அடித்து இறுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் கப்பல் வேலைக்கான பசையைப் பூசு.

தளத்துக்குப் பலகை போடப்போவதாக எழுதியிருந்தாய். கடையில் விற்கும் பச்சை நிறப் பதப்படுத்திய பலகை வேண்டவே வேண்டாம். அதில் செம்பு இருக்கிறது. செம்பும் ஈரமும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். செம்பு கலந்த அடிப்பூச்சும் அப்படித்தான். சாதாரண வெளிப்புறப் பிளைவூட்டை நன்றாக வர்ணம் பூசிப் போடு. சட்டைப்பையிலிருந்து விழும் சில்லறைக் காசையும் அடித்தளத்தில் கிடக்க விடாதே.

படகில் தண்ணீர் வடிக்கும் துளையை மூடும் அடைப்பானைப் பற்றி ஒன்று. 2022 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் கொண்டுபோவதற்கு முன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் பாசியையும் எடுக்க வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்கத்தான். நல்ல சட்டம். ஆனால் கழற்றியதை அடுத்த தடவை திரும்பப் போட மறப்பவர்களை எந்தப் படகுத்துறையிலும் காணலாம். கார்ச் சாவியோடு சேர்த்துக் கட்டு.

அக்காவின் பயம் ஒரு விஷயத்தில் சரி. ரைஸ் லேக்கில் பிக்கரல் (வோலாய் என்றும் சொல்லும் மீன்) பிடிக்கும் பருவம் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும். வெயில் அடிக்கும், தண்ணீர் மட்டும் பனிக்காலத்தை மறந்திருக்காது. மனிற்றோபா பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கை கால் பயன்படப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் உயிர்காப்பு அங்கி உடம்பில் இல்லாவிட்டால் மிச்சக் கணக்குக்கு வேலையே இல்லை. ஆசனத்துக்குக் கீழே வைத்திருந்தால் பொலிசுக்குக் காட்டலாம், அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றையும் கையில் மாட்டு.

பிக்கரல் 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், அளவுகோல் கொண்டு போ. ஸ்கூகொக் ஏரி கிட்ட என்று அங்கே போய்ப் பிடித்துவிடாதே, 2016 முதல் அங்கே பிக்கரல் பிடிக்கத் தடை. உண்மையில் நம் சட்டிக்கு கிராப்பி, புளூகில் என்ற சின்ன மீன்கள்தான் ருசி. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் அக்கா படகைப் பற்றி ஒன்றும் கதைக்கமாட்டாள்.

ஏரிக்கரையிலுள்ள ஹார்வூட் பக்கம் போனால் வரைபடத்தைப் பார்த்துப் போ. 1854 இல் கோபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ரைஸ் லேக்கின் குறுக்கே ரயில் பாலம் போட்டார்கள். பனிக்கட்டி அதைத் தள்ளித் தள்ளி உடைத்து, சில வருடங்களிலேயே கைவிட்டார்கள். கல்லும் மண்ணும் இன்னும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே கிடக்கின்றன. மீன்கள் அங்கே கூடும், எஞ்சின் விசிறிகளும் அங்கேதான் உடையும்.

இலையுதிர் காலத்தில், உறைபனி வருமுன், எஞ்சினின் கீழ்ப்பகுதி கியர் எண்ணெயை வடித்துப் பார். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) மாற்றாமல் விட்டால் அந்தத் தண்ணீர் உறைந்து கியர்ப் பெட்டியை வெடிக்க வைக்கும். எஞ்சினை நிமிர்த்தி வைத்தால்தான் மிச்சத் தண்ணீர் இறங்கும். எண்ணெய் மாற்றும் அன்றைக்கு நானும் வருகிறேன். பழைய வாளி ஒன்று எடுத்து வை, எண்ணெய்த் திருகுகளுக்குப் புது கஸ்கற் (ஒழுகாமல் தடுக்கும் வளையம்) இரண்டு வாங்கி வை.

அன்புடன்,
மாமா