கிராணி ஆபீஸ் முகவரி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? வியாழக்கிழமை நீங்கள் நாலு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒன்பதரை என்றால் இங்கே நடுநிசி. நான் அப்போதும் செம்பனை (பாமாயில்) ஆலையில்தான் இருந்தேன்.

முந்தின நாள் இடி விழுந்து ஆபீஸ் ரௌட்டர் கருகிவிட்டது. வேறு வைஃபை மாட்டினோம். எல்லாம் ஓடியது, எடைமேடைக் கணக்கை அனுப்பும் உபுண்டு மட்டும் ஊமை. உபுண்டு விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். இங்கே அது விண்டோஸ் கணினிக்குள் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓடுவது, வீட்டுக்குள் வீடு மாதிரி. வெளி வீட்டில் யூடியூப் ஓடுகிறது, உள் வீட்டில் இருட்டு. கணக்கு ஏறாமல் லாரியை விடக்கூடாதாம். பழக்குலையோ காத்திருக்காது, வெட்டி ஒரு நாள் தாண்டினால் எண்ணெயில் அமிலம் ஏறும்.

உபுண்டுவை மூன்று முறை நிறுத்தி ஏற்றினேன், வீண் வேலை. அப்புறம்தான் வெர்ச்சுவல்பாக்ஸின் செட்டிங்ஸைத் திறந்தேன். நெட்வொர்க் 'பிரிட்ஜ்டு' என்று இருந்தது, அதுவும் செத்துப்போன கேபிள் அட்டையின் பேரில்.

நீங்கள் 30 வருஷம் தபால் பை சுமந்தவர், இப்படிச் சொன்னால் புரியும். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகுமாம், கிராணி (ஆபீஸ் கிளார்க்) பேர் பார்த்துக் கொடுப்பாராம். வீட்டுக்காரப் பாட்டி சொன்னது. (இங்கத்தைய தமிழ்த் தலைவர் துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தன் கணவர் பங்கு வாங்கிய கதையையும் வாரம் ஒருமுறை சொல்வார்.) பிரிட்ஜ்டு என்றால் லயத்து வீட்டுக்கே தனிக் கதவு எண். 'நேட்' என்ற இன்னொரு வகை என்றால் கிராணி ஆபீஸ் முகவரி.

நேட்டுக்கு மாற்றியதும் 10.0.2.15 என்று எண் வந்தது. கிராணியின் எண் 10.0.2.2, பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டால்) பதில். வெளியே கூகுளின் 8.8.8.8, அதற்கும் பதில். ஆனால் கணக்கு அனுப்பும் தளத்தின் பேரைச் சொன்னால் தெரியாது என்கிறது! எண் போட்டது போய்ச் சேருகிறது, பேர் போட்டது திரும்புகிறது. அப்படியானால் வழி சரி, விலாசப் புத்தகம்தான் கோளாறு. எனக்கு முன்னால் இருந்தவர் டிஎன்எஸ் என்ற இடத்தில், அதுதான் அந்தப் புத்தகம் இருக்கும் இடம், கருகின ரௌட்டரின் எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தார். அழித்தேன். 10.0.2.3 தானாக வந்து உட்கார்ந்தது, கணக்கும் போய்விட்டது.

நேட்டில் வெளியார் நேரே வந்து கதவைத் தட்ட முடியாது. யாரைத் தேடி வந்தார் என்று கிராணிக்குத் தெரியாதே. அதற்கு போர்ட் ஃபார்வர்டிங் போட வேண்டும், அதாவது இன்ன கதவில் தட்டினால் இந்த வீட்டுக்கு அனுப்பு என்று கிராணிக்கு எழுதி வைப்பது. இங்கே அனுப்பும் வேலை மட்டும்தான், விட்டுவிட்டேன்.

வெளியே வரும்போது மணி ஒன்று. சட்டையெல்லாம் எண்ணெய் வாடை. கடைக்காரர் தே தாரேக் என்ற பால் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சிவப்பு ரஃபியாக் கயிற்றால் சுருக்கி, ஸ்ட்ராவைச் செருகித் தந்தார். விரலில் மாட்டிக்கொண்டு உறிஞ்சியபடியே நடந்தேன்.

தம்பியின் உபுண்டுவிலும் நெட் வரவில்லை என்றானே, முதலில் வெர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'கேபிள் கனெக்டட்' டிக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் திங்கட்கிழமை போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்