முதலில் வழியைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

மலைப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர்களுக்கு அருகே மரங்கள் அடர்ந்த நிலம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காற்று, பறவைகள், பனிமூட்டம் எல்லாம் வந்திருக்கின்றன. நிலத்துக்கு வண்டி எந்த வழியாகப் போகும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நில அளவை வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் அதுதான் முதலில் உறுத்தியது.

நிலம் காட்ட வருபவர் நம்மை அழைத்துப் போகும் பாதை பல நேரம் பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தமாக இருக்கும். இன்று அவர் விடுகிறார். நாளை அவர் பிள்ளைகள் வேலி போட்டால் நாம் காட்டை எட்ட நின்று பார்க்க வேண்டியதுதான். பாதை உரிமை பத்திரத்தில் அகலத்தோடு இருக்க வேண்டும். நடந்து போக மட்டுமா, லாரி போகவும் சேர்த்தா என்பதும் எழுத்தில் வேண்டும்.

பரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 30 டிகிரிச் சரிவில் நாடாவைத் தரையோடு படியவைத்து 100 அடி அளந்தால், கிடைமட்டத் தூரத்தையே காட்டும் வரைபடத்தில் அது சுமார் 87 அடிதான். பத்திரத்தில் இருப்பது வரைபடக் கணக்கு. தரகர் காலால் அளந்து சொல்வதை நம்பி விலை பேசக் கூடாது.

மரங்களின் உயரத்தை வியந்து எழுதியவர் அவற்றின் அடிப்பகுதியைக் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கலாம். அடியில் கொக்கிபோல் வளைந்து, பிறகு மேல்நோக்கி நிமிர்ந்த மரங்கள் இருக்கும். ஒன்றிரண்டு என்றால் காற்றோ விழுந்த கிளையோ காரணமாக இருக்கலாம். சரிவு முழுக்க எல்லா மரமும் பள்ளத்தைப் பார்த்தே வளைந்திருந்தால், மண் மெல்லக் கீழே நகர்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே வேலிக்கால்களும் சாய்ந்து, தரையில் பிறை வடிவ வெடிப்புகளும் தெரிந்தால் அங்கே வீடு கட்டும் யோசனையே வேண்டாம்.

வற்றாத ஊற்று என்பார்கள். மழை முடிந்த கையோடு போனால் எந்த ஊற்றும் வற்றாததுதான். கோடைக் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும். காட்டுத்தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால், காட்சிக்காக உச்சியில் வீடு கட்டுவதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

காசு கொடுத்து வாங்கினால் காடு நம் இஷ்டம் என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. சுவிட்சர்லாந்து 1876-லேயே மலைக்காடுகளின் பரப்பு குறையக் கூடாது என்று சட்டம் போட்டது. தனியார் காடானாலும் அங்கே மற்றவர்கள் உள்ளே போகலாம், உள்ளூர் வழக்கத்துக்கு உட்பட்டுக் காளான் பறிக்கலாம். இந்தியாவில் 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலம் யாருக்குச் சொந்தமானாலும் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. ஒரு மரத்தை வெட்டவோ மண்ணைத் தோண்டவோ அனுமதி தேவையா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே வன அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு வன அலுவலரையும் ஒரு சர்வேயரையும் எழுதச் சொல்லுங்கள். படங்கள் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்