கோட்டைக்குள் கேட்ட தாராப்

டார் எஸ் சலாம்,
பிப்ரவரி மாதக் கடைசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சங்கீதப் பாடத்தில் வர்ணத்துக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை மகிழ்ச்சி. சரளி வரிசைக்கே அடம்பிடித்த குழந்தை அது. உன் முழங்கால் வலி குறைந்திருப்பதும் ஆறுதலான செய்தி. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அது சரியில்லை. இங்கே மகளும் மருமகனும் நலம். பேரன் காலையில் சுவாஹிலி, மாலையில் தமிழ் என்று பேசிப் பழகிவிட்டான்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. டிசம்பர் கச்சேரிகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். எதிரே இருப்பவர் யார், அவர் கேட்கிறாரா என்றுகூட வாசிப்பவருக்குத் தெரியாத இடத்தில் சங்கீதம் எதற்கு என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த கையோடுதான் சான்சிபார் தீவுக்குப் படகு ஏறினேன். அங்கே இருந்த நேரமெல்லாம் உன் கேள்வி கூடவே வந்தது.

டார் எஸ் சலாமிலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரம் போல ஆகிறது. தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் 'சௌத்தி ஸா புசாரா' என்ற இசை விழா நடக்கிறது. 2004இல் தொடங்கியது. கிழக்கு ஆப்பிரிக்க இசைக்குத்தான் முதலிடம். ஆப்பிரிக்காவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. கடற்கரையை ஒட்டி, போர்ச்சுகீசியரை விரட்டிய ஓமானி அரபுகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கோட்டை இருக்கிறது. முக்கிய மேடை அதன் முற்றத்தில்தான், திறந்த வானத்தின் கீழ். அந்த மதில்கள் கொள்ளும் அளவுக்குத்தான் கூட்டம் சேர முடியும். எங்கே நின்றாலும் பாடுகிறவரின் முகம் தெரிகிறது. பாடுகிறவருக்கும் நம் முகம் தெரிகிறது.

இரண்டு ஏற்பாடுகளை அங்கே மனமாரப் பாராட்டினேன். ஒன்று, மேடையில் எல்லாமே நேரடியாக வாசிக்கப்பட வேண்டும் என்ற விதி. ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைப்பதற்கு அங்கே இடமில்லை. இளம் பாடகர்கள் பலர் பதிவான தாளத்தை நம்பியே மேடையேறும் காலத்தில், இந்த விதியால் ஒரு குழு வாத்தியக்காரர்களைச் சேர்த்துப் பயிற்சி செய்துதான் வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது, உள்ளூர் மக்களுக்கு டிக்கெட் விலை வெளிநாட்டவர் தருவதைவிட மிகக் குறைவு. நான் கூடுதலாகக் கொடுத்தேன், நிறைவாகவே கொடுத்தேன். அதனால்தான் என் பக்கத்தில் மீன் சந்தைக்காரர் ஒருவரும், பள்ளிக்கூடச் சிறுவர்களும், வண்ணக் காங்கா உடுத்திய பெண்களும் நிற்க முடிந்தது. ஊர்க்காரர்கள் வராத விழாவை ஊர் விழா என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தொடக்க நாளில் ஊர்வலம் போனது. பேனி என்ற ஊதுகுழல் பாண்டு வாத்தியக் குழு முன்னால். வெள்ளைக்கார ராணுவ பாண்டைப் பார்த்து இந்த மக்கள் தங்களுக்கென்று ஆக்கிக்கொண்டது அது. பின்னால் மேளங்கள், பொய்க்கால் ஆட்டக்காரர்கள், குழந்தைகள். யார் விழாக்காரர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் உனக்கு நான் சொல்லத் துடிப்பது தாராப் என்ற இந்தத் தீவின் இசை வகையைப் பற்றி. 1870 முதல் 1888 வரை ஆண்ட சுல்தான் பர்காஷ் கெய்ரோவின் அவை இசையைத் தன் அரண்மனைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். அரண்மனையிலிருந்து அது தெருவுக்கு வந்தது. 1905இல் தொடங்கிய இக்வானி சஃபா குழு இன்றும் வாசிக்கிறது என்றால் பார்த்துக்கொள். மேடையில் கானூன், ஊது என்ற அரபுத் தந்தி வாத்தியம், அக்கார்டியன், தாள வாத்தியங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் வரிசையாக வயலின்கள். கானூன் என்பது மடியில் கிடத்தி, இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் மீட்டிகளை மாட்டிக்கொண்டு மீட்டும் பல தந்தி வாத்தியம்.

வயலின்கள் எல்லாம் ஒரே ராக வரியை ஒன்றாக வாசிக்கின்றன. மேற்கத்திய இசைபோல ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரிந்து போவதில்லை. ஸ்வரங்களுக்கு இடையே உள்ள அந்த நுண்ணிய இடங்களை அவர்கள் தொட்டு இறங்கியபோது உன் வில்லைத்தான் நினைத்தேன். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து தோளில் வைத்து வாசிக்கிறார்கள், நீ தரையில் அமர்ந்து தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறாய். அந்த வேறுபாடு கண்ணுக்குத்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை நம்முடையதாக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று கூட்டிக்கொண்டார்கள். எகிப்திய வயலின்காரர்களின் வழக்கமான சுருதியைப் பார்: ஜி, டி, ஜி, டி. கீழ்த்தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதுவும் ஸ, ப, ஸ, ப தான்! ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரே பெட்டியை, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் ஒரே விதமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இதை ஊருக்குத் திரும்பி உன்னிடம் நேரில் சொல்லும்வரை பொறுக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தாராப் பாடகி ஒரு வரியைப் பாடும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, இசைக்குத் தக்கபடி மெல்ல ஆடிக்கொண்டே மேடைக்குப் போய் ரூபாய் நோட்டை நீட்டுவதுபோல அங்கே ஷில்லிங் நோட்டை நீட்டுகிறாள். அது பாடகியின் குரலுக்கு மட்டும் தரும் பரிசு அன்று. அந்த வரி தன் மனத்தில் இருப்பதைச் சொல்கிறது, கூட்டத்தில் இன்னொருத்தி அதைக் கேட்கட்டும் என்பதும் அதில் அடங்கும். துரோகம் செய்த தோழியோ, புறம் பேசிய பக்கத்து வீட்டுக்காரியோ, கணவனைக் கவர நினைத்தவளோ அங்கே உட்கார்ந்திருக்கலாம். வரி நேருக்கு நேர் பெயர் சொல்லாது, கேட்பவர்கள் பொருத்திக்கொள்வார்கள். பாடகி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். ஆக, பாட்டைப் பாதி எழுதுவது கேட்கிறவர்கள்தான். கோட்டை முற்றத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியம்மா அப்படி எழுந்து போனார். நடையில் ஒரு கம்பீரம். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, சங்கீதத்திடம் மனிதர்கள் கேட்பது என்ன என்று எனக்குப் புரிந்தது.

இந்த நெருக்கம் புதிதாக வந்ததில்லை. சித்தி பின்த் சாத் என்ற பாடகியின் கதையைக் கேள். சான்சிபாரின் ஏழைக் குடும்பத்தில், மண்பானை செய்து விற்ற வீட்டில் பிறந்தவர். அரபியில் பாடப்பட்ட அவை இசையைச் சுவாஹிலியில் பாடி ஊர் முழுவதற்கும் சொந்தமாக்கியவர். நீதிமன்றத்தில் ஏழைப் பெண்களுக்கு நேர்ந்த அநீதியைக்கூடப் பாட்டாக்கினார். 1928இல் அவரும் அவர் குழுவினரும் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்து எச்.எம்.வி. நிறுவனத்துக்காகப் பாடினார்கள். நம் தாத்தாக்கள் இசைத்தட்டுக் கேட்ட அதே காலத்தில், அதே முத்திரை போட்ட தட்டில் இந்தப் பெண்ணின் குரலும் இந்தியாவில் பதிவாகிக் கிழக்கு ஆப்பிரிக்காவின் வீடுகளுக்குப் போயிருக்கிறது. அவரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் பீ கிடூடே. முதுமையிலும் மேடையேறி மேளம் அடித்துப் பாடியவர்; இந்த விழாவின் மேடையிலும் பாடியிருக்கிறார். 2013இல் மறைந்தார். ஊரில் அவர் பெயரைச் சொன்னாலே முகங்கள் மலர்கின்றன.

மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தபோது மேடையில் இசை நின்றது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவுமில்லை. அந்த இடைவேளையில் வெளியே ஃபோரோதானி பூங்காவுக்குப் போனேன். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச் சாறு, அப்புறம் உரோஜோ. மாங்காய்ப் புளிப்புடன் மஞ்சள் குழம்பு, அதில் பஜியா, உருளைக்கிழங்கு, மேலே நொறுக்கிய மரவள்ளி வறுவல். உனக்கு நிச்சயம் பிடிக்கும்.

எல்லாக் குழுக்களும் எனக்குப் பிடித்தன என்று சொல்ல மாட்டேன். பின்னிரவில் வந்த சிலருடைய ஒலிபெருக்கிச் சத்தம் அதிகம், பாடல் குறைவு. அவற்றைவிடக் கிடும்பாக் என்னைக் கட்டிப்போட்டது. தாராப்பின் ஏழைத் தங்கை என்று அதைச் சொல்லலாம். ஒரே ஒரு வயலின், தேயிலைப் பெட்டியில் தந்தி கட்டிச் செய்த பேஸ் வாத்தியம், இரண்டு சிறிய மண் முழவுகள். கல்யாண வீடுகளில் வாசிப்பார்கள். அந்த வயலின்காரரின் வேகத்தைப் பார்த்தால் நீ உன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டியிருப்பாய். ஊரில் உள்ள இசைப் பள்ளியில் இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் வயலினும் கானூனும் பயில்கிறார்கள்.

இத்தனை அன்பு இருந்தும் இப்படிப்பட்ட விழா எளிதாக நடந்துவிடுவதில்லை. பணம் திரளாததால் 2016இல் நடத்த முடியாமலே போயிற்று. மறு வருடம் மீண்டும் நடந்தது. பெரிதாக்கினால் பணம் வரும், கோட்டையைவிட்டு மைதானத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே அந்தப் பெரியம்மா எழுந்து மேடைக்கு நடந்து போக முடியாது. சிறிதாகவே இருப்பதைக் காப்பாற்றுவதற்கும் பணம் வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

நீ கச்சேரிக்குப் போவதை நிறுத்தியதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஆனால் வாசிப்பதை நிறுத்துவதுபற்றி அந்தப் பத்தியில் கோடி காட்டியிருந்தாயே, அதை ஏற்கமாட்டேன். உன் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். மாதம் ஒரு ஞாயிறு, மைக் இல்லாமல், உன் மாணவர்களும் தெருவில் உள்ளவர்களும். முதல் கச்சேரியைப் பேத்தியின் வர்ணத்தோடு தொடங்கு. காபிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த பிப்ரவரியில் நீ இங்கே வர வேண்டும். தங்குவதற்கு மகள் வீடு இருக்கிறது. கிடும்பாக் வயலின்காரர்கள் தந்திகளை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேட்டு, நீயே வாசித்துப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். உன் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் இப்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடு. மருந்தையும் மறக்காதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்