அந்தக் கவரை யாரிடம் கொடுப்பது? பேராயர் ஐயாவுக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புக்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கும் திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். 22 வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற ஓர் ஆசிரியை இதை எழுதுகிறேன். போன மாதம் நம் திருமண்டலத்தின் சேகரங்களில், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரங்களில், சபைப் பதவிகளுக்கு நடந்த தேர்தலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

தேர்தல் முடிந்த மறு ஞாயிறு, மனப்பாடத்துக்கு 15ஆம் சங்கீதம். கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத் தகுந்தவன் யார் என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் சங்கீதம். அதன் கடைசி வசனத்தில் 'பரிதானம்' என்று ஒரு சொல் வரும். பழைய வேதாகமத் தமிழ், பிள்ளைகளுக்குப் புரியாது. எப்போதும்போல அங்கே நிறுத்தி, "ஒரு காரியம் நடக்கணும்னு யாருக்கும் தெரியாம கையில காசு கொடுக்கிறதுதான் பரிதானம்" என்றேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கையைத் தூக்கினான். எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், எலக்‌ஷனுக்கு அங்கிள் கவர்ல வச்சுத் தந்தாங்கள்லா, அதுதானே?" என்று கேட்டான். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில். பக்கத்துப் பிள்ளை, "எங்க வீட்டுக்கும் வந்துச்சு டீச்சர், ரெண்டு ஐந்நூறு ரூபா" என்றாள். அப்புறம் எங்க வீட்டுக்கும், எங்க வீட்டுக்கும் என்று வகுப்பு முழுக்க ஒரே குரல். யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐயா? தப்பு என்றால் அவர்களுடைய அப்பா அம்மாவையே குற்றவாளி ஆக்குகிறேன். தப்பில்லை என்றால் சங்கீதத்தைப் பொய்யாக்குகிறேன். "கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றேன். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

என் வீட்டுக்குக் கவரோடு வந்தவர் என்னிடமே படித்தவர். அவருக்கும் இதே சங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றதும், "ஜெபிச்சுட்டுதான் தாரோம் டீச்சர், எல்லாரும் வாங்கியாச்சு" என்றார். பணம் கொடுத்ததைவிட அந்த ஜெபம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அக்கா இருக்கிறார்கள். கணவர் இல்லை. சபைச் சந்தா பாக்கி. கவரை வாங்காவிட்டால் நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் தன்னை அடக்கம்பண்ண இடம் கொடுப்பார்களோ என்ற பயத்தில் வாங்கிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து ராத்திரி அந்தக் கவரை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். "உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கேன். இந்தத் துட்டுல அரிசி வாங்கினா அதுல எப்படிப் பிடி எடுப்பேன்?" என்று கேட்டார்கள். அந்தப் பிடியரிசிதானே, ஐயா, நம் கோயில்களைக் கட்டியது?

ஆகவே தாழ்மையாகக் கேட்கிறேன்: இந்தத் தேர்தலை ரத்து செய்யுங்கள். பணம் கொடுத்தவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களை விலக்கிவிட்டு, மறுபடி நடத்துங்கள். அதுவரை, அடுத்து நடக்க வேண்டிய திருமண்டல நிர்வாகிகள் தேர்தலை நிறுத்தி வையுங்கள்.

உலகம் கெட்டுப்போய்விட்டது என்று ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும் கேட்கிறோம். குடி, செல்போன், சினிமா, ஓட்டுக்குத் துட்டு வாங்குகிற ஜனங்கள் என்று பட்டியல் நீளும். அந்த உலகம் என்ன செய்தது என்று பாருங்கள். 2016இல் பணப்பட்டுவாடா நடந்தது என்பதற்காக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் அப்படியே. ஜெபித்துத் தொடங்காத, வேதம் வாசிக்காத ஓர் அலுவலகம், இது கறைபட்ட தேர்தல் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறது. பரிசுத்த ஆவியானவரின் நடத்துதலைக் கேட்டுத் தொடங்குகிற நாம் அதைக்கூடச் செய்ய முடியாதா?

புகார் கொடுக்கப் போனால் ஆதாரம் கேட்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா? தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள், ஜெயித்தவர்கள் எதிர்வழக்குப் போடுகிறார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குக்குப் போவதைப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையிடம் எவ்வளவு வேதனையோடு கேட்டார்! ஒரு பதவிக்கு இவ்வளவு செலவழிக்கிறவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? நம் திருமண்டலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்கு எத்தனை லட்சம் என்று ஊரில் குழாயடியில்கூடப் பேசுகிறார்கள். பி.எட். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற நம் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறார்கள். வருகிறவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். வரதட்சணை பேசி முடித்த கல்யாணத்துக்கும் தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிறோம், யாரும் தடை சொல்வதில்லை.

மன்னிக்க வேண்டும், ஒன்றைச் சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன். இந்த விசுவாசம் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை என்பதால் வருகிற வலி இது. விசுவாசத்துக்காக ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்கள் 1799இல் செம்மண் தேரிக்காட்டில் குடியேறி முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, சொந்த ஜனங்களின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்று 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்குவதில் முன்னின்றார். 1912இல் பேராயரும் ஆனார். அவர்கள் இழந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு தேர்தலை ரத்து செய்வதால் நாம் எதை இழந்துவிடுவோம்?

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வருகிற ஞாயிறு அதே பிள்ளைகள் அதே பாயில் வந்து உட்காருவார்கள் என்பதால் கேட்கிறேன். உலகத்தோடு ஒத்துப்போகாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வேண்டும். தயவுசெய்து இந்தத் தேர்தலை ரத்து செய்யுங்கள், ஐயா.

அந்த அக்கா கொடுத்த கவர் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. உண்டியலில் போட மனம் வரவில்லை. கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுத்தால் அக்காவுக்குப் பிரச்சினை. யாரிடம் கொடுக்கட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துவுக்குள் தாழ்மையுள்ள,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை