ஒரே விற்பனையாளரிடம் ராணுவ வாகன உதிரி பாகங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பாதுகாப்புச் செயலாளர் அவர்கள்,
பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர் அவர்கள்,
புது தில்லி.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ராணுவ வாகனங்களுக்குத் தேவைப்படும் உதிரி பாகங்களைப் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டு வாங்கும் நடைமுறை குறித்து இம்மடலை எழுதுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கனரக வாகனங்களுக்கான உலோக, ரப்பர் பாகங்களைச் செய்துதரும் சிறு பட்டறை ஒன்றை நடத்துபவன் நான். ஆகையால் இதில் எனக்குத் தொழில்நலன் உண்டு என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். ஆனால் நான் வேண்டுவது எவருக்கும் ஓர் ஆர்டர் அன்று. ‘இந்தப் பாகத்தை இந்த நிறுவனம் மட்டுமே தர முடியும்’ என்று ஓர் அலுவலர் சான்றளிக்கும்போது, அந்த நிலையை மாற்றத் துறை இதுவரை என்ன செய்தது என்பதையும் அதே தாளில் எழுதியாக வேண்டும் என்று விதியைத் திருத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 166ஆம் விதி, ஒற்றை ஒப்பந்தப்புள்ளியை மூன்று சூழல்களில் அனுமதிக்கிறது. ஒரே நிறுவனம்தான் அப்பொருளை உற்பத்தி செய்கிறது என்பது துறைக்குத் தெரிந்திருப்பது முதலாவது, அவசரநிலை இரண்டாவது, கைவசமுள்ள இயந்திரங்களோடு பொருந்தும்படி இயந்திரங்களையும் உதிரி பாகங்களையும் ஒரே தரத்தில் வைத்திருக்க வேண்டியது மூன்றாவது. முதலிரண்டையும் நான் மறுக்கவில்லை. எல்லையில் நிற்கும் டாங்க் ஒன்றின் எரிபொருள் பம்பு பழுதாகியிருக்கும்போது ஒப்பந்தப்புள்ளி முடியும்வரை காத்திருக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. மூன்றாவதில்தான் சிக்கல். உதிரி பாகம் என்றாலே அது கைவசமுள்ள வண்டியோடு பொருந்த வேண்டியதுதான். எனவே தொழில்நுட்ப வல்லுநரின் பரிந்துரை கண்டிப்பாக இல்லாவிட்டால், டிரான்ஸ்மிஷனும் அதன்மேல் மாட்டும் தூசுத் தடுப்பு ரப்பரும் ஒரே காரணத்தின்கீழ் ஒரே நிறுவனத்திடம் போய்விடும்.

ஒரே நிறுவனம்தான் தர முடியும் என்று அலுவலர் அளிக்கும், துறையில் அனைவரும் பி.ஏ.சி. என்று சொல்லும் தனியுரிமைப் பொருள் சான்றின் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பொருளைத் தயாரிப்பவர் யார், வேறு தயாரிப்பு ஏன் ஏற்புடையதன்று, நிதிப் பிரிவின் இசைவு, தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதல் ஆகியவற்றை அது கேட்கிறது. வேறு உற்பத்தியாளரைத் தேடினீர்களா, வரைபடத்தைக் கேட்டீர்களா, கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விகள் அதில் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் பதிலைத் தேடும் கட்டாயம் அலுவலருக்கு ஏற்படுவதில்லை. சான்று காலாவதியாகிப் புதுப்பிக்கப்படும்போது பழைய காரணத்தையே மறுபடியும் எழுதிவிடலாம். அரசு ஒப்பந்தங்களைப் போட்டியின்றி ஒருவருக்கு நியமன முறையில் வழங்குவது அரிதான, விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மீரட் மாநகராட்சி வழக்கில் 2006ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அந்த அரிது எது என்பதை நிறுவும் பொறுப்பு இந்தப் படிவத்தில் எங்கே இருக்கிறது?

விலையின் கதையும் இதிலிருந்தே தொடங்குகிறது. போட்டி இல்லாதபோது, கேட்கப்படும் விலை நியாயமானதா என்று பார்க்கப் பெரும்பாலும் துணைக்கு வருவது கடைசியாக வாங்கிய விலைதான். அதன்மேல் விலைவாசி உயர்வைக் கூட்டி ஒப்பிடுவார்கள். முதல் கொள்முதலிலேயே விலை கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் கூடுதல் ஒவ்வோர் ஆர்டரிலும் வளர்ந்துகொண்டே வரும். கோப்பில் அது எங்கும் தவறாகத் தெரியாது.

விலையைவிடவும் என்னைக் கவலைகொள்ள வைப்பது, விற்பவர்மீது வாங்குபவர் தம் பிடிமானத்தை இழப்பது. டாட்ரா டிரக்குகளை நினைத்துப் பாருங்கள். பினாகா ராக்கெட் ஏவிகளைச் சுமக்கும் இந்த டிரக்குகளைப் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். 1986 முதல் நம் ராணுவத்துக்கு வழங்கி வந்தது. செக்கோஸ்லோவாக்கியா பிரிந்த பின்னர், 1997 முதல், தயாரிப்பாளரான செக் நிறுவனத்திடம் நேரடியாக அல்லாமல் பிரிட்டனில் பதிவுபெற்ற வேறொரு நிறுவனத்தின் வழியாக அவை வாங்கப்பட்டன. 2012இல் அப்போதைய தரைப்படைத் தளபதி தமக்கு லஞ்சம் தர முன்வந்ததாகக் கூறியதும், சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்ததும் நாடறிந்தவை. யார்மீது குற்றம் என்பது இம்மடலின் பொருள் அன்று; அதைத் தீர்மானிக்கும் இடம் வேறு. என் கேள்வி வேறு. கால் நூற்றாண்டு வாங்கிய பிறகும் அந்த டிரக்குகளின் ஸ்டீயரிங் இடப்பக்கமே இருந்தது. இடப்புறம் ஒதுங்கி ஓட்டும் நாட்டில், மலைப்பாதையில் எதிரே வரும் வண்டியைக் கணிக்க முடியாமல் நம் ஓட்டுநர்கள் அவற்றை ஓட்டினார்கள். வாங்குபவருக்கு வேறு கடையே இல்லை என்று தெரிந்த விற்பவர் ஸ்டீயரிங்கை மாற்றித் தர என்ன அவசியம் இருந்தது?

இந்த நிலை வண்டியை வாங்கும் நாளிலேயே உருவாகிவிடுகிறது. வண்டிக்குப் பேரம் பேசும்போது வாங்குபவருக்குச் செல்வாக்கு உண்டு. வரைபடங்கள், உலோகக் கலவை விவரங்கள், வெப்பப் பதப்படுத்தும் முறை, பிறரிடம் செய்வித்துக்கொள்ளும் உரிமை ஆகிய அனைத்தையும் அப்போது கேட்கலாம். கையெழுத்தான மறுநாள் அந்தச் செல்வாக்கு போய்விடுகிறது. தர உறுதி இயக்குநரகத்தின் கீழ், டாங்குகளுக்கு ஆவடியிலும் பிற வாகனங்களுக்கு அகமதுநகரிலும், பாகங்களின் வரைபடம் முதலான முத்திரையிட்ட விவரங்களைக் காக்கும் அதிகார அமைப்புகள் நமக்கு இருக்கின்றன. அங்கே முழு வரைபடம் உள்ள பாகங்கள் எவை, அளவுகள் மட்டும் உள்ளவை எவை, ஒன்றுமே இல்லாதவை எவை என்று பிரித்துப் பட்டியலிடுங்கள். முதல் வகையைச் சேர்ந்த பாகம் ஒன்று பி.ஏ.சி.யில் வாங்கப்பட்டால் அதற்கு விளக்கம் கேட்கப்பட வேண்டும்.

விற்பவரிடம் உற்பத்திச் செலவு விவரம் கேட்கச் சட்டம் இருந்தால் போதும் என்று கருதுவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். ஒற்றை விற்பனையாளரிடம் செலவுத் தரவுகளைக் கோரும் சட்டம் அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வணிகச் சந்தைப் பொருள் என்று காட்டிவிட்டால் அதிலிருந்து விலக்கும் இருக்கிறது. கண்ணிவெடியைத் தாங்கும் கவச வாகனங்களின் சஸ்பென்ஷன் பாகங்களுக்கு விலையை நியாயப்படுத்தப் போலி விற்பனை ரசீதுகளைக் காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டில், நாவிஸ்டார் டிஃபென்ஸ் நிறுவனம் 2021இல் 5 கோடி டாலர் செலுத்தி அரசோடு சமரசம் செய்துகொண்டது. விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவர் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவரும் தம் விலையைக் குறிப்பிட்டிருந்தால் அந்த ரசீதுகளுக்கு வேலையே இருந்திராது.

பாதுகாப்பைக் காரணம் காட்டி எழும் மறுப்பை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரமற்ற பிரேக் பாகம் லடாக்கில் வீரர்களின் உயிரைப் பறிக்கும். சோதனை கடுமையாக இருக்கட்டும். ஆனால் சோதிக்க ஒரு வண்டி வேண்டும். அதைச் சிறு பட்டறை சொந்தமாக வாங்க இயலாது. என்னைப் போன்றவர்களின் முயற்சி பல நேரம் நின்றுபோவது இந்த இடத்தில்தான்: மாதிரிப் பாகம் தயார், ஆய்வக அறிக்கை தயார், மாட்டிப் பார்க்க வண்டி கிடைக்காது. தில்லியிலும் கிர்க்கியிலும் உள்ள ராணுவ அடிப்படைப் பணிமனைகளில் பழுதுபார்ப்புக்கு வரும் வண்டிகளில் சிலவற்றை ஆண்டுதோறும் இதற்கென ஒதுக்கினால் செலவு பெரிதாக இராது.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேட்டை மனமார வரவேற்கிறேன். வெளியில் வாங்குமுன் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தின் ஆட்சேபமின்மைச் சான்றைப் பெறவேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டதும், உருவாக்கித் தருவோருக்கு ஐந்து ஆண்டு வரை ஆர்டர் உறுதி என்பதும், பாகங்களுக்கான அச்சு (டை) செய்யக் கடன் வாங்குபவனுக்குத் தெம்பு தருபவை. இம்மடலில் முன்பு நான் கேட்ட கேள்விகளையும் அதே கையேட்டின் பி.ஏ.சி. படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

காலம் தாழ்த்தக் கூடாத ஒன்றும் உண்டு. டி-72 டாங்குகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் வாங்க 2025 மார்ச்சில் ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டுடன் 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் மாற்றித் தருவதும் அதில் அடங்கும். அந்த எஞ்சினின் வால்வு, பேரிங், சீல், ஹோஸ் போன்ற பாகங்களை ஆவடி மூன்றாம் தரப்பினரிடம் செய்வித்துக்கொள்ள உரிமை உண்டா, அவற்றின் வரைபடங்கள் எந்த வரிசையில் எப்போது வந்து சேரும் என்பதை, ராணுவ ரகசியம் கெடாத அளவில், உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கான பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் இணையதளத்தில் இப்போதே அறிவியுங்கள். முதல் பி.ஏ.சி. எழுதப்படுவதற்கு முன்னால் அது நடந்தாக வேண்டும்.

இங்ஙனம்,
சிறுதொழில் முனைவோர் ஒருவர்,
அம்பத்தூர்.